நீர் மின்னாற்பகுப்புக் கலம்: வீட்டில் அமைத்தலும் கொல்லிமலை உயரத்தில் சோதித்தலும்

நீர் மின்னாற்பகுப்புக் கலம் என்பது நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் எளிய அமைப்பு ஆகும். எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் குமிழ்களாக வெளிவரும். பருமனில் ஹைட்ரஜன் இரண்டு பங்கும் ஆக்சிஜன் ஒரு பங்கும் இருக்கும். பள்ளிப் பாடநூல்களில் ஹாஃப்மன் கருவியுடன் விளக்கப்படும் இச்சோதனையை, டார்ச் செல்களும் பென்சில் கரியும் ஊசிக் குழல்களும் கொண்டு வீட்டிலும் செய்யலாம்.

கலத்தை அமைப்பது எளிது, அதை அளப்பதுதான் கடினம். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்ற உயரமான இடத்தில், பாடநூலில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக் கணக்கிட்டால், கலம் தரவேண்டியதைவிடக் கால் பங்குக்கும் மேலாக வாயுவைத் தருவதுபோல் தோன்றும். இது கருவியின் பிழையும் அல்ல, புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 'தண்ணீரில் ஓடும் வண்டி' என்ற பெயரில் அவ்வப்போது கிளம்பும் கூற்றுகளைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது இந்த அளவீட்டுச் சிக்கலையே.

வரலாறு

1789-ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த பாட்ஸ் வான் திரூஸ்ட்விக், டைமன் ஆகிய இருவரும் நிலைமின் எந்திரத்தின் பொறிகளைக் கொண்டு நீரிலிருந்து வாயுக்களை வெளியேற்றினர். வோல்டாவின் மின்கல அடுக்கு பற்றிய செய்தி 1800-இல் இலண்டனை எட்டிய சில வாரங்களுக்குள், வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் அதே போன்ற அடுக்கைக் கட்டி, தொடர் மின்னோட்டத்தால் நீரைப் பகுத்தனர். வெளிவரும் பொருளின் அளவு, செலுத்திய மின்னூட்டத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை மைக்கேல் ஃபாரடே 1830-களில் நிறுவினார். வீட்டில் செய்யப்படும் கலமும் இந்த விதிக்கு உட்பட்டதே.

கொல்லிமலைக்கு மின்னாற்பகுப்போடு மற்றொரு தொடர்பும் உண்டு. இம்மலையின் மேற்பரப்பில் கிடைக்கும் பாக்சைட் தாது வெட்டியெடுக்கப்பட்டு, மேட்டூரில் இயங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே தாதுவிலிருந்து பெறப்பட்ட அலுமினா, ஏறத்தாழ 950 பாகை செல்சியஸில் உருகிய கிரையோலைட்டில் கரைக்கப்பட்டு, மின்னாற்பகுப்பின் மூலம் அலுமினியமாக மாற்றப்பட்டது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் தேவைப்படும். நீரோ அலுமினாவோ, வலுவான வேதிப் பிணைப்பைப் பிரிக்க அதற்குரிய ஆற்றலைச் செலுத்தியே ஆகவேண்டும்.

கலத்தை அமைத்தல்

மின்வாய்களுக்குப் பென்சில் கரி போதுமானது. 6பி, 8பி போன்ற மென்மையான பென்சில்களில் களிமண் குறைவாகவும் கிராஃபைட் கூடுதலாகவும் இருப்பதால் அவை மின்சாரத்தை நன்கு கடத்தும். ஓர் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் இரு துளைகள் இட்டு, கரிக்குச்சிகளைக் கீழிருந்து மேலாகச் செருகி, துளைகளை எம்சீல் போன்ற பசையால் அடைக்க வேண்டும். பசை முழுமையாக இறுகும்வரை, ஒருநாள் பொறுத்திருப்பது நல்லது. மின்கம்பிகளை டப்பாவின் வெளிப்புறத்தில் குச்சியின் அடிமுனையுடன் இணைக்க வேண்டும். நேர்மின்வாயின் செம்புக் கம்பி கரைசலில் பட்டால் செம்பு அரிக்கப்படும், கரைசல் நீலப்பச்சையாகக் கலங்கும், அளவீடும் கெடும்.

கைக்கு எட்டுவது என்பதால் எவர்சில்வர் கரண்டியை நேர்மின்வாயாகப் பயன்படுத்துவோர் உண்டு. இதைத் தவிர்க்க வேண்டும். எவர்சில்வரில் உள்ள குரோமியம், நேர்மின்வாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியச் சேர்மமாக மாறிக் கரைய வாய்ப்புண்டு. கரைசல் மஞ்சளாக மாறினால் அதை இதன் அறிகுறியாகக் கொண்டு சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

வாயுவைச் சேகரிக்க, 20 மில்லிலிட்டர் ஊசிக் குழல்கள் இரண்டு தேவை. உந்துதண்டை உருவிவிட்டு, ஊசி மாட்டும் முனையைப் பசையால் அடைத்துக்கொள்ள வேண்டும். குழலைக் கரைசலால் நிரப்பி, காற்று புகாமல் தலைகீழாக்கி, கரிக்குச்சியின் மேல் கவிழ்த்தால், வாயு மேல்முனையில் சேரும். குழலில் அச்சிட்டுள்ள கோடுகள் அந்த முனையிலிருந்தே தொடங்குவதால், சேர்ந்த வாயுவின் பருமனை நேரடியாகப் படித்துவிடலாம். குழலின் வாய் டப்பாவின் அடியைத் தொடாமல் சற்று உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் அயனிகள் செல்ல வழியின்றி மின்னோட்டம் படுத்துவிடும். கரிக்குச்சி குழலுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் நுழைந்திருந்தால் போதும்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். மழைநீரும் உப்புக் குறைந்த மலையூற்று நீரும் ஏறத்தாழ அப்படியே. ஆகவே ஒரு மின்பகுளியைச் சேர்க்க வேண்டும். இதற்குச் சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், பொருத்தமானது. ஒரு லிட்டருக்கு 50 கிராம் அளவில் கரைக்கலாம். சமையல் சோடாவும் வேலை செய்யும், ஆனால் நேர்மின்வாயில் உருவாகும் அமிலத்தன்மை அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி ஆக்சிஜனுடன் கலந்துவிடும். சமையல் உப்பைச் சேர்க்கவே கூடாது. அதில் நேர்மின்வாயில் வருவது பெரும்பாலும் குளோரின் என்னும் நச்சு வாயு. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினாலும் சிறிதளவு இதே விளைவு ஏற்படும்.

மின்சாரத்துக்கு நான்கு பெரிய டார்ச் செல்களைத் தொடராக இணைத்து 6 வோல்ட் பெறலாம். வீட்டு மின்இணைப்பை எந்த வகையிலும், டையோடு வழியாகக்கூட, கலத்துடன் நேரடியாக இணைக்கக் கூடாது. ஈரமும் 230 வோல்ட்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மின்னோட்டத்தை அளக்க ஒரு மல்டிமீட்டரைத் தொடரிணைப்பிலும், கலத்தின் மின்னழுத்தத்தை அளக்க மற்றொன்றைப் பக்க இணைப்பிலும் வைக்க வேண்டும். இவற்றை மாற்றி இணைப்பதே புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மீட்டரின் உருகி போவது பெரும்பாலும் இதனால்தான்.

சோதனை

முதல் அரைமணி நேர வாயுவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆக்சிஜன், ஹைட்ரஜனைவிட நீரில் அதிகம் கரையும். கரைசல் வாயுவால் நிறைவுறும் வரை ஆக்சிஜன் குழலில் குறைவாகவே சேரும். எனவே கலத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழல்களை மீண்டும் கரைசலால் நிரப்பிவிட்டு அளவீட்டைத் தொடங்க வேண்டும்.

அப்படியும் ஆக்சிஜன் சரிபாதிக்குக் குறைவாகவே இருக்கும். கிராஃபைட்டின் ஒரு பகுதி நேர்மின்வாயில் ஆக்சிஜனேற்றம் அடைவதே காரணம். கரைசலில் கருந்துகள் படிவதும் அதனால்தான். பிளாட்டினம் மின்வாய் உள்ள ஆய்வகக் கருவியில் இந்தக் குறை இராது. வீட்டுக் கலத்தில் ஃபாரடேயின் விதியைச் சரிபார்க்க ஹைட்ரஜன் குழலை மட்டுமே நம்பலாம்.

மின்னோட்டம் 0.1 ஆம்பியராக 20 நிமிடங்கள் ஓடியது என்று கொள்வோம். செல்கள் தளரத் தளர மின்னோட்டம் இறங்கும் என்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துச் சராசரி எடுப்பது முறை. சென்ற மின்னூட்டம் 120 கூலும். ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு இரண்டு மோல் எலக்ட்ரான்கள், அதாவது 1,92,970 கூலும் தேவை. ஆகவே கிடைக்கவேண்டிய ஹைட்ரஜன் 0.000622 மோல். பாடநூலில் ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்று இருக்கிறது. அதன்படி 13.9 மில்லிலிட்டர் வரவேண்டும்.

கொல்லிமலையின் மேல் இச்சோதனையைக் கவனமாகச் செய்தால், குழலில் 18 மில்லிலிட்டருக்கு மிக நெருக்கமாக வாயு நிற்கும். விதி சொன்னதைவிட 28 விழுக்காடு அதிகம்.

எங்கிருந்து வந்தது மிகுதி?

22.4 லிட்டர் என்பது 0 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் கடல்மட்ட அழுத்தமான 101.3 கிலோபாஸ்கலிலும் உலர்ந்த வாயுவுக்கு மட்டுமே பொருந்தும். கொல்லிமலையின் ஊர்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறும்போது காது அடைப்பதை எல்லோரும் உணர்வார்கள். காற்றழுத்தம் குறைவதன் அடையாளம் அது. 1,200 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சுமார் 88 கிலோபாஸ்கல்தான். அழுத்தம் குறைந்தால் அதே அளவு வாயு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இதோடு இரண்டு சிறு காரணங்களும் சேர்கின்றன. அறை வெப்பநிலை 0 பாகை அல்ல, 22 பாகை என்று கொண்டால் பருமன் 8 விழுக்காடு கூடும். குழலுக்குள் இருப்பது ஹைட்ரஜன் மட்டுமல்ல, நீராவியும் உண்டு. 22 பாகையில் நீராவியின் அழுத்தம் 2.6 கிலோபாஸ்கல். அதைக் கழித்தால் ஹைட்ரஜனின் பங்கு 85.4 கிலோபாஸ்கல். இந்த மூன்று திருத்தங்களையும் செய்து கணக்கிட்டால் வரவேண்டிய பருமன் 17.9 மில்லிலிட்டர். குழல் காட்டுவதும் அதுவே. மிகுதி என்று எதுவும் இல்லை.

பருமனைப் படிக்கும்போது, குழலின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருக்குமாறு குழலை உயர்த்தியோ தாழ்த்தியோ வைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும். சில சென்டிமீட்டர் வேறுபாட்டால் பெரிய பிழை வராது என்றாலும், பழகிக்கொள்வது நல்லது.

அழுத்தமானி இல்லாத வீட்டில் அழுத்தத்தை அறிய இரண்டு வழிகள் உள்ளன. சில கைப்பேசிகளில் அழுத்த உணரி இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்க்கலாம். 88 கிலோபாஸ்கலில் நீர் 96 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கொல்லிமலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகச் சமவெளியைவிட நேரம் பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

ஆற்றல் கணக்கு

வாயுவின் பருமன் சரியாக வந்தாலும், கலம் எவ்வளவு ஆற்றலை வீணாக்குகிறது என்பதை அது காட்டாது. அதற்கு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நீரைப் பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். ஆனால் அந்த மின்னழுத்தத்தில் பகுப்பு நடக்க, கலம் சுற்றுப்புறத்திலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தேவையான ஆற்றல் முழுவதையும் மின்சாரமே தருவதானால் 1.48 வோல்ட் வேண்டும். ஹைட்ரஜனை எரிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மொத்த வெப்பத்துக்கு ஈடானது இந்த 1.48 வோல்ட்தான். அதற்கு மேல் செலுத்தும் மின்னழுத்தம் எல்லாம் கரைசலைச் சூடாக்குவதில் போய்விடும்.

வீட்டுக் கலத்தில் 0.1 ஆம்பியர் பாய 4.5 வோல்ட் தேவைப்பட்டால், 20 நிமிடங்களில் செலவான ஆற்றல் 540 ஜூல். கிடைத்த ஹைட்ரஜனை எரித்தால் வரும் வெப்பம் 178 ஜூல். மூன்றில் ஒரு பங்குதான். பெரிய மின்வாய்கள், குறைந்த இடைவெளி, செறிவான காரக்கரைசல் கொண்ட தொழிற்சாலைக் கலங்கள் 2 வோல்ட்டுக்கு அருகில் இயங்கி, முக்கால் பங்கு வரை திரும்பப் பெறுகின்றன. 12 வோல்ட் மின்கலத்தை ஒற்றைக் கலத்தில் நேரடியாக இணைப்பவர்கள் பெறுவது எட்டில் ஒரு பங்கே. குமிழ்கள் பொங்கி வருவதால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும்.

ஒரு லிட்டர் நீரை முழுவதும் பகுக்க, இழப்பே இல்லாவிட்டாலும், ஏறத்தாழ 1 கோடியே 59 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். அரப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலுள்ள ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரம் உடையது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் ஒரு லிட்டர் நீரின் ஆற்றல் 900 ஜூலுக்குள் அடங்கும். ஆக, அந்த அருவியில் ஏறத்தாழ 18,000 லிட்டர் நீர் விழுந்தால்தான் ஒரு லிட்டர் நீரைப் பகுக்கும் ஆற்றல் கிடைக்கும்.

'தண்ணீரில் ஓடும் வண்டி'

நீரைப் பகுத்து வரும் வாயுவை எஞ்சினில் எரித்தால், எரிந்த பின் மீண்டும் நீரே கிடைக்கிறது. தொடங்கிய பொருளும் முடிந்த பொருளும் ஒன்றாக இருக்கும்போது, இடையில் ஆற்றல் மிஞ்ச வழியில்லை. இருந்தும் இக்கூற்று ஓயவில்லை. அமெரிக்காவின் ஒகையோவைச் சேர்ந்த ஸ்டான்லி மேயர், தன்னுடைய 'நீர் எரிபொருள் கலம்' வழக்கமான மின்னாற்பகுப்பைவிடப் பன்மடங்கு வாயுவைத் தருவதாகக் கூறி முதலீடு திரட்டினார். 1996-இல் நீதிமன்றத்தில் வல்லுநர்கள் ஆராய்ந்தபோது அது வழக்கமான மின்னாற்பகுப்புக் கலம்தான் என்று தெரிந்தது. நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, முதலீட்டாளர்கள் இருவருக்கும் 25,000 டாலரைத் திருப்பித்தர ஆணையிட்டது. அதே 1996-இல் தமிழ்நாட்டைப் பரபரப்பாக்கியது இராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த 'மூலிகைப் பெட்ரோல்'. அதில் மின்னாற்பகுப்பு இல்லை. ஆனால் நீரிலிருந்து எரிபொருள் என்ற ஆசை ஒன்றுதான். அந்த வழக்கில் 2016-இல் சென்னை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

வண்டியில் பொருத்தினால் மைலேஜ் கூடும் என்று விற்கப்படும் ஹைட்ரஜன் கலங்களையும் இதே கணக்கால் எடைபோடலாம். அந்தக் கலத்துக்கான மின்சாரம் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, அதைச் சுற்றுவது எஞ்சின். பெட்ரோலின் 100 பங்கு ஆற்றலில் எஞ்சின் தருவது 25 பங்கு என்றும், ஆல்டர்னேட்டர் அதில் 60 விழுக்காட்டை மின்சாரமாக்குகிறது என்றும் கொண்டால் 15 பங்கு மிஞ்சும். நல்ல கலம் அதில் 60 விழுக்காட்டை ஹைட்ரஜனாக்கினால் 9 பங்கு. அது எஞ்சினில் மறுபடி எரிந்து சக்கரத்துக்குத் தருவது இரண்டே கால் பங்கு. அந்த 100 பங்கு பெட்ரோலையும் நேராகச் சக்கரத்துக்கே விட்டிருந்தால் 25 பங்கு கிடைத்திருக்கும்.

இத்தகைய கலத்தின் திறனைக் காட்ட, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று வாயுவின் பருமனையே பெரும்பாலும் சொல்வார்கள். எந்த உயரத்தில், எந்த வெப்பநிலையில், ஈரத்தோடா உலர்ந்தா என்று சொல்வதில்லை. கொல்லிமலைக் கணக்கில் கண்ட 28 விழுக்காடு அங்கேயும் ஒளிந்திருக்கலாம். சூடேறிய கலத்தில் இன்னும் கூடும். 60 பாகையில் நீராவியின் அழுத்தம் மட்டுமே 20 கிலோபாஸ்கலைத் தொட்டுவிடும்.

பாதுகாப்பு

காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் அது தீப்பற்றும். பற்றவைக்க மிகச் சிறிய பொறி போதும். பட்டுத்துணி உரசலில் எழும் நிலைமின் பொறிகூட ஆபத்தானது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒரே கலனில் கலந்திருப்பது எல்லாவற்றிலும் கொடியது. இரு மின்வாய்களையும் மூடிய ஒரே பாட்டிலுக்குள் வைக்கும் அமைப்புகள் செய்வது இதைத்தான். பாட்டில் வெடித்துக் கண்ணும் கையும் போகும் வாய்ப்பு உண்டு. வாயுக்களைத் தனித்தனிக் குழல்களில், 20 மில்லிலிட்டருக்கு மிகாமல் சேகரிப்பதே வீட்டுச் சோதனையின் எல்லை. பலூனிலோ பாட்டிலிலோ நிரப்பி வைக்கக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும், சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஹைட்ரஜனை அடையாளம் காண 'பாப்' ஒலிச் சோதனையைச் செய்யலாம். மின்சாரத்தைத் துண்டித்து, வாயுவை நீருக்கடியில் 10 மில்லிலிட்டர் கண்ணாடிச் சோதனைக் குழாய்க்கு மாற்றி, வாயை விரலால் மூடியபடி கலத்திலிருந்து தள்ளி எடுத்துச்சென்று, தலைகீழாகவே பிடித்து எரியும் குச்சியைக் காட்ட வேண்டும். தூய ஹைட்ரஜன் மெல்லிய ஒலியுடன் எரியும். கூர்மையாக, விசில் போல் ஒலித்தால் காற்றோ ஆக்சிஜனோ கலந்துவிட்டது என்று பொருள். ஊசிக் குழலையே தீயருகில் கொண்டுபோகக் கூடாது, அது பிளாஸ்டிக். சோதனை முடிந்த சோடாக் கரைசல் நிறம் மாறாமல் இருந்தால் நிறைய நீர்விட்டுக் கழுவி ஊற்றலாம்.

பெரிய அளவில்

இந்தியாவில் பேரளவு நீர் மின்னாற்பகுப்பு புதியதல்ல. பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலில் 1961-இல் தொடங்கிய உரத் தொழிற்சாலை, அம்மோனியாவுக்கான ஹைட்ரஜனை நீரிலிருந்தே பெற்றது. மின்சாரத்தின் தேவையும் விலையும் ஏறியபின் இத்தகைய ஆலைகள் நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு வழிகளுக்கு மாறின. இப்போது சூரிய மின்சாரம் மலிவானதால் பழைய வழி திரும்பியிருக்கிறது. 2022 ஏப்ரலில் அசாமின் ஜோர்ஹாட்டில் ஆயில் இந்தியா நிறுவனம் நாளொன்றுக்கு 10 கிலோ ஹைட்ரஜன் தரும் சோதனை ஆலையைத் தொடங்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் என்பது 2023 சனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கோட்பாட்டளவில் 39 யூனிட்டும் நடைமுறையில் 50 முதல் 55 யூனிட்டும் மின்சாரம் செலவாகிறது. இங்கு ஹைட்ரஜன் எரிபொருளாகக் கருதப்படுவதில்லை. சூரியனிடமிருந்து பெற்ற ஆற்றலைச் சேமித்துக் கொண்டுசெல்லும் பொருளாகவே கருதப்படுகிறது.

ஆலைகளில் உற்பத்தியைக் கிலோவில் சொல்வதற்குக் காரணம், எடை இடத்துக்கு இடம் மாறுவதில்லை என்பதே. பருமன் மாறும். மேற்சொன்ன 120 கூலும் சோதனையை 30 பாகை வெப்பமுள்ள சென்னைக் கடற்கரையில் செய்தால் ஹைட்ரஜன் குழல் 16.1 மில்லிலிட்டர் காட்டும். 22 பாகையில் கொல்லிமலையில் 17.9. அழுத்தம் 78 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும் உதகையில், 15 பாகைக் குளிரில், 19.5. மூன்று குழல்களிலும் இருப்பது ஒன்றேகால் மில்லிகிராம் ஹைட்ரஜன்.